மீஞ்சூர் பக்தவத்சலம்

மக்களாட்சியில் தலைவர்க்கு நடுவர் மக்களே ஆவர். அவர் ஆற்றிய பணிகளையும் அவரிடம் கண்ட குறைகளையும் நிறுத்துப் பார்த்து, வாக்குச் சீட்டின் வாயிலாகத் தீர்ப்பு வழங்குவோர் அவர்களே. அத்தீர்ப்பைப் பலமுறை நாடி, வெற்றியையும் தோல்வியையும் மாறி மாறிக் கண்டவர் எம். பக்தவத்சலம். 1937 முதல் 1967 வரை நடந்த ஆறு பொதுத்தேர்தல்களுள் நான்கில் வென்று, இரண்டில் தோற்றவர் அவர். சென்னை மாநிலத்தை ஆண்ட காங்கிரஸ் முதலமைச்சர்களுள் இறுதியானவரும் அவரே.

இளமையும் கல்வியும்

மீஞ்சூர் கனகசபாபதி பக்தவத்சலம் என்பது அவரது முழுப்பெயர். சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லியை அடுத்துள்ள நசரேத்பேட்டையில் 1897ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9ஆம் நாள் அவர் பிறந்தார். ஐந்து வயதிலேயே தந்தையை இழந்தார். மாமன்மாரின் ஆதரவில் வளர்ந்தார். அவர்களுள் ஒருவரான முத்துரங்க முதலியார் காங்கிரஸ் இயக்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக விளங்கியவர். அவரது நிழலில் வளர்ந்த இளைஞருக்கு நாட்டுப்பற்று இயல்பாகவே அமைந்தது எனலாம்.

சென்னையில் சட்டக் கல்வி பயின்று, உயர்நீதிமன்ற வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். மாணவப் பருவத்திலேயே காங்கிரசில் சேர்ந்திருந்த அவர், 1922இல் அகில இந்திய காங்கிரஸ் குழுவின் உறுப்பினரானார். 'இந்தியா' என்னும் தமிழ் நாளிதழை 1933 வரை நடத்தினார். பின்னாளில் அவர் அரசுக் கோப்புகளை நுணுகி ஆராய்வதில் வல்லவர் எனப் பெயர் பெற்றமைக்குச் சட்டப் பயிற்சியே அடிப்படையாயிற்று.

விடுதலைப் போரில்

1930ஆம் ஆண்டு நாடெங்கும் உப்பு அறப்போர் எழுந்தது. தமிழகத்தில் இராசாசியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியம் நோக்கி நடந்தனர். அவ்வறப்போரில் பக்தவத்சலமும் பங்கு கொண்டார். 1932ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாளைச் சுதந்தர நாளாகக் கொண்டாடியமைக்காகச் சிறை புகுந்தார். 1940இல் தனிநபர் அறப்போரிலும், 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்திலும் ஈடுபட்டு மீண்டும் சிறைப்பட்டார். மராட்டியப் பகுதியிலுள்ள அமராவதிச் சிறையில் அவரும் காமராசரும் வைக்கப்பட்டிருந்தனர். 1944இல் அவர் விடுதலை பெற்றார்.

முதல் வெற்றி

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்படி 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்தல் நடைபெற்றது. அந்நாளில் எல்லார்க்கும் வாக்குரிமை இல்லை. வரி செலுத்துவோர், சொத்துடையோர், ஓரளவு கல்வி கற்றோர் முதலிய சிலரே வாக்களிக்கலாம். ஒவ்வொரு கட்சிக்கும் வெவ்வேறு நிறமுள்ள பெட்டி வைக்கப்பட்டது. காங்கிரசின் பெட்டி மஞ்சள் நிறமுடையது. மஞ்சள் பெட்டிக்கே வாக்களியுங்கள் என்று தொண்டர்கள் ஊர்தோறும் சென்று வேண்டினர். 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரஸ் கைப்பற்றியது. திருவள்ளூர்த் தொகுதியில் பக்தவத்சலம் வெற்றி பெற்றார்.

இராசாசி அமைத்த அமைச்சரவையில் உள்ளாட்சித் துறைக்குரிய சட்டமன்றச் செயலர் பதவி அவருக்குக் கிட்டியது. ஆட்சிக் கலையின் முதற்பாடத்தை அவர் கற்றது இங்கேதான். அவ்வமைச்சரவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாய பாடமாக்கியது. அதனை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி எழுந்தது. சிறைப்பட்டிருந்த நடராசன், தாளமுத்து என்னும் இருவர் 1939இல் உயிர் நீத்தனர். உலகப் போரில் இந்தியாவை அதன் இசைவின்றி ஈடுபடுத்தியதைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் 1939 அக்டோபரில் பதவி விலகின. அதன்பின் 1940இல் கட்டாய இந்தி ஆணையும் திரும்பப் பெறப்பட்டது. மொழி என்பது மக்களின் உயிர்நாடி என்பதை அந்நிகழ்ச்சிகள் உணர்த்தின. ஆயினும் அப்பாடம் கால் நூற்றாண்டுக்குப் பின்னர் மீண்டும் ஒருமுறை, இன்னும் பெரிய விலை கொடுத்துக் கற்க வேண்டியதாயிற்று.

பொன்னேரியில் தோல்வி

1946இல் மீண்டும் சட்டமன்றம் புகுந்த பக்தவத்சலம், 1947இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அமைச்சரானார். அவரை அடுத்து வந்த குமாரசாமி ராசாவின் அமைச்சரவையிலும் அப்பொறுப்பையே ஏற்றார். நாடு உணவின்றித் தவித்த காலம் அது. நீர்ப்பாசனமே உணவுப் பெருக்கத்திற்கு வழி என்று உணரப்பட்டது. கோவை மாவட்டத்துக் கீழ்பவானித் திட்டம் 1948இல் தொடங்கப்பெற்றது அக்காலத்தேயாம்.

1952ஆம் ஆண்டு வந்தது. 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவரும் வாக்களிக்கும் முதற் பொதுத்தேர்தல் அது. எழுத்தறியா மக்களும் எளிதில் உணருமாறு ஒவ்வொரு வேட்பாளர்க்கும் சின்னம் பொறித்த தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. காங்கிரசின் சின்னம் நுகம் பூட்டிய இரட்டைக் காளை. பக்தவத்சலம் பொன்னேரித் தொகுதியில் நின்றார்.

பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் அடங்கிய அவ்வட்டாரம் ஆரணியாறும் கொற்றலையாறும் பாயும் நிலம். ஆயினும் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறுகள் அவை அல்ல. மழை பொழிந்தால் ஏரி நிரம்பும். ஏரி நிரம்பினால் வயல் விளையும். தேர்வாய் கண்டிகை போன்ற சிற்றூர்களில் வாழ்ந்த உழவர்கள் வானத்தையும் ஏரிக் கரையையும் மாறி மாறி நோக்கி வாழ்ந்தவர்கள். வரி செலுத்தும் நிலக்கிழார் மட்டுமே வாக்களித்த காலம் மலையேறி, ஏர் பிடிப்பவரும் நாற்று நடுபவரும் வாக்குச்சாவடிக்கு வந்தனர். நெல் கொள்முதலிலும் உணவுக் கட்டுப்பாட்டிலும் மக்கள் பட்ட இன்னல்கள் அந்நாளைய அரசின்மேல் பெருஞ்சினத்தை மூட்டியிருந்தன.

பொன்னேரியில் பொதுப்பணி அமைச்சர் தோற்றார். அவர் மட்டுமன்று, முதலமைச்சர் குமாரசாமி ராசாவே திருவில்லிபுத்தூரில் தோற்றார். மற்றும் பல அமைச்சர்களும் தோல்வியுற்றனர். 375 இடங்களுள் 152 இடங்களையே காங்கிரஸ் பெற்றது. பதவியிலிருப்போரையும் மக்கள் நீக்க வல்லர் என்பது அன்று தெளிவாயிற்று.

மீண்டும் உயர்வு

தோல்வியால் பக்தவத்சலத்தின் பொதுவாழ்வு முடிந்துவிடவில்லை. 1954இல் காமராசர் முதலமைச்சராகி எட்டுப்பேர் கொண்ட சிறிய அமைச்சரவையை அமைத்தபோது, அதில் அவரும் ஒருவரானார். 1957இல் தம் பிறந்த மண்ணை அடுத்த திருப்பெரும்புதூர்த் தொகுதியில் நின்று வென்றார். உள்துறை அமைச்சராகப் பணியாற்றினார். 1962இல் அத்தொகுதி மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். அப்போது நிதியும் கல்வியும் அவர் பொறுப்பில் வந்தன.

காமராசர் மக்களோடு கலந்து பழகி அவர்தம் உள்ளத்தை அறிபவர். பக்தவத்சலமோ அலுவலகத்தில் அமர்ந்து விதிகளையும் கணக்குகளையும் ஆராய்ந்து முடிவு செய்பவர். ஒருவர் வழி காட்ட, மற்றவர் அதனைச் செயற்படுத்த, ஆட்சி செவ்வனே நடந்தது. பள்ளிகள் பெருகின, தொழிற்சாலைகள் எழுந்தன.

முதலமைச்சர்

மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று காமராசர் ஒரு திட்டம் வகுத்தார். அதற்குத் தாமே எடுத்துக்காட்டாக முதலமைச்சர் பதவியினின்று விலகினார். 1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளன்று, பக்தவத்சலம் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 65. அவரது ஆட்சிக் காலத்தில், முதலில் தயக்கம் காட்டிய அரசு பின்னர் இசைவளிக்க, குமரிமுனைப் பாறையில் விவேகானந்தர் நினைவு மண்டபப் பணி தொடங்கியது. அம்மண்டபம் 1970இல் திறக்கப்பெற்றது.

மொழிப் புயல்

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின்படி, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் 1965ஆம் ஆண்டு சனவரி 26 முதல் இந்தியே நாட்டின் ஆட்சிமொழியாக வேண்டும். அதற்குப் பின்னும் ஆங்கிலம் தொடரலாம் என்று 1963ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. தொடரும் என்று உறுதியாகக் கூறாமல், தொடரலாம் என்று நெகிழ்வாகக் கூறியதால் இந்தி பேசாத மக்கள் உள்ளத்தில் ஐயம் எழுந்தது. மைய அரசுப் பணிகளில் தம் பிள்ளைகள் பின்தள்ளப்படுவர் என்று தமிழ்ப் பெற்றோர் அஞ்சினர்.

இந்நிலையில் 1964 மார்ச்சுத் திங்களில் தமிழ், ஆங்கிலம், இந்தி என்னும் மும்மொழித் திட்டத்தைச் சட்டமன்றத்தில் பக்தவத்சலம் பரிந்துரைத்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே கீழப்பழுவூர்ச் சின்னசாமி என்னும் இளைஞர் திருச்சிராப்பள்ளியில் தமிழுக்காகத் தீக்குளித்து உயிர் துறந்திருந்தார். 1965 சனவரி இறுதியில் மதுரையில் மூண்ட பூசல் மாநிலமெங்கும் பரவியது. மாணவர்கள் கல்லூரிகளை விட்டுத் தெருவில் திரண்டனர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்.

முதலமைச்சர் இக்கிளர்ச்சியை ஒழுங்கின்மை எனவே கருதினார். அடக்குமுறையால் அதனைத் தணிக்கலாம் என நம்பினார். காவற்படையும் இராணுவமும் வரவழைக்கப்பட்டன. அரசின் கணக்கின்படியே ஏறத்தாழ 70 பேர் மாண்டனர்; உண்மையில் மாண்டோர் அதனினும் மிகுதி என்று கூறுவோரும் உளர். சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்பது மெய்யே. ஆயினும், மாணவர் சினத்தின் அடியில் நியாயமான அச்சம் ஒன்று இருந்தது. அதனை உணர்ந்து அவர்களை அழைத்துப் பேசியிருப்பின் பல உயிர்கள் காக்கப்பட்டிருக்கலாம்.

தமிழகத்தினின்று மைய அமைச்சரவையில் இடம் பெற்றிருந்த சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் அளித்தனர். பிப்பிரவரி 11ஆம் நாள் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாத்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என உறுதி கூறினார். கிளர்ச்சி படிப்படியாகத் தணிந்தது. ஆனால் மக்கள் மனத்துப் புண் ஆறவில்லை.

மக்களின் தீர்ப்பு

மொழிப் புயல் ஓய்வதற்குள் பஞ்சம் தலைகாட்டியது. 1965, 1966ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. அரிசி விலை ஏறியது. மக்கள் அரிசிக்காக நெடுநேரம் வரிசையில் காத்து நின்றனர். பசித்த வயிறு காரணங்களைக் கேட்பதில்லை. ஆட்சிக்கு வந்தால் ரூபாய்க்கு மூன்று படி அரிசி அளிப்பதாகத் திராவிட முன்னேற்றக் கழகம் அறிவித்தது. அறிஞர் அண்ணா பல கட்சிகளை ஓரணியில் திரட்டினார். 1937இல் பக்தவத்சலத்தின் தலைவராக இருந்த இராசாசி, 1967இல் அவரை எதிர்த்த அணியில் நின்றார். அன்று இந்தியைப் புகுத்தியவர், இன்று அதனை எதிர்த்தார். காலத்தின் கோலம் அது.

1967 பிப்பிரவரியில் தேர்தல் நடந்தது. திருப்பெரும்புதூரில் பக்தவத்சலம் ஏறத்தாழ 9,000 வாக்குகள் வேறுபாட்டில் தி. மு. க. வேட்பாளர் இராசரத்தினத்திடம் தோற்றார். விருதுநகரில் காமராசரும் 1,285 வாக்குகளில் சீனிவாசன் என்னும் மாணவர் தலைவரிடம் தோற்றார். அமைச்சர்களுள் பெரும்பாலோர் தோல்வியுற்றனர். இருபதாண்டு காலக் காங்கிரஸ் ஆட்சி முடிவுற்றது. அந்த வேளையில் மனம் நொந்து பக்தவத்சலம் கூறிய கடுஞ்சொல் ஒன்று நெடுநாள் பேசப்பட்டது. ஆயினும் அவர் செய்த செயல் சொல்லினும் சிறந்தது. தீர்ப்புக்குத் தலைவணங்கிப் பதவி விலகினார். மார்ச்சு 6ஆம் நாள் அண்ணா முதலமைச்சரானார். ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் ஒரு கட்சியின் கையினின்று மற்றொரு கட்சியின் கைக்கு ஆட்சி மாறியது.

இறுதி நாளும் நினைவும்

பின்னர் அவர் தீவிர அரசியலினின்று மெல்ல ஒதுங்கி வாழ்ந்தார். அவருடைய மகள் சரோசினி வரதப்பன் சமூகத் தொண்டில் சிறந்து விளங்கினார். 1987ஆம் ஆண்டு, 89 வயதில் பக்தவத்சலம் மறைந்தார். சென்னை கிண்டியில் காந்தி மண்டபத்தை அடுத்து அவருக்கு நினைவிடம் அமைந்துள்ளது.

அவர் ஒருகாலத்தில் வாக்குக் கேட்டுத் தோற்ற வட்டாரம் இன்று பெரிதும் மாறியுள்ளது. செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்த அது, இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் தொழிற்பேட்டைகள் எழுந்துள்ளன. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்துச் சென்னைக்குக் குடிநீர் வழங்கும் நீர்த்தேக்கம் 2020இல் திறக்கப்பட்டது. ஏரியை மட்டும் நம்பிய சிற்றூர் இன்று ஆலைகளையும் நம்புகிறது. எனினும் ஒன்று மாறவில்லை. தேர்தல் நாளன்று அவ்வூர் உழவரும் தொழிலாளரும் சாவடிக்குச் சென்று, ஆள்வோர்க்குத் தீர்ப்பு எழுதுகின்றனர்.

சிறை புகுந்து நாட்டுக்கு உழைத்த தியாகியும், கோப்புகளை நுணுகி ஆராய்ந்த அறிஞருமான ஒருவர், மக்களின் உள்ளத்தை அறியத் தவறியமையால் பதவி இழந்தார். நேர்மையும் திறமையும் ஆள்வோர்க்கு இன்றியமையாதன. ஆனால் அவை மட்டும் போதா. மக்களின் குரலைச் செவிமடுக்கும் பண்பும் வேண்டும். தோற்றபோது அமைதியாக விலகும் பண்பும் வேண்டும். இவ்விரண்டனுள் ஒன்றைத் தம் தவற்றாலும் மற்றொன்றைத் தம் செயலாலும் பிற்காலத்தவர்க்குக் காட்டிச் சென்றவர் மீஞ்சூர் பக்தவத்சலம்.