ஒரு சின்னத் துளை: பியாட்ரிஸ் ஷில்லிங்கின் கதை

2020இல் பி.எஸ்.6 வந்ததோடு புது பைக்குகளிலிருந்து கார்ப்பரேட்டர் ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது. ஃபர்ஸ்ட் இயர் தம்பி தங்கைகளில் பலர் சோக் இழுத்து வண்டி ஸ்டார்ட் பண்ணியே இருக்க மாட்டீர்கள். அதனால் கதைக்குப் போகும் முன் ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சுக்கோங்க. வீட்டு மொட்டைமாடித் தண்ணித் தொட்டியில் ஒரு பந்து மிதக்குமே, தண்ணி ஏறினால் தானும் ஏறி வால்வை மூடுமே, அதே ஏற்பாடுதான் கார்ப்பரேட்டருக்குள்ளும். தண்ணிக்குப் பதில் பெட்ரோல். பந்துக்குப் பேர் ஃப்ளோட்.

இப்போ அந்தத் தொட்டியைத் தலைகீழாக் கவிழ்த்தால் என்ன ஆகும்? 1940இல் பிரிட்டிஷ் விமானப் படையின் இளம் பைலட்டுகள் இந்தக் கேள்விக்கு வானத்தில் வைத்துப் பதில் தேட வேண்டியிருந்தது.

ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இரண்டிலும் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின். அதில் எஸ்.யு. கார்ப்பரேட்டர். பழைய மோரிஸ் மைனர், எம்.ஜி. கார்களின் பானெட்டைத் திறந்தாலும் இதே எஸ்.யு. பேரைப் பார்க்கலாம். விமானத்தில் இருந்தது வேறு டிசைன். ஆனால் ஃப்ளோட் தத்துவம் ஒன்றுதான். எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் டைம்லர்-பென்ஸ் எஞ்சின், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். அவன் மூக்கைச் சட்டென்று கீழே தள்ளி டைவ் அடிப்பான். பின்னாலேயே நம்ம ஆள் மூக்கைத் தள்ளினால் எஞ்சின் இருமிவிட்டு நின்றுபோகும். துரத்துகிறவன் தப்பவிட்டான், துரத்தப்படுகிறவனோ பல நேரம் தப்பவே இல்லை. வேறு வழியில்லாமல் விமானத்தை முதலில் புரட்டிவிட்டு அப்புறம் டைவ் அடித்தார்கள். அதற்குள் எதிரி தூரம் போயிருப்பான்.

ரோல்ஸ்-ராய்ஸ்காரர்கள் விவரம் தெரியாமல் கார்ப்பரேட்டர் வைக்கவில்லை. கார்ப்பரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது காற்று குளிரும், அடர்த்தி கூடும், எஞ்சினுக்குப் பவர் கூடக் கிடைக்கும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சிக்கல் வந்து சேர்ந்த மேசை பியாட்ரிஸ் ஷில்லிங்குடையது. பிறந்தது 1909 மார்ச் 8 (தேதியைக் கவனிச்சீங்களா?), இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில். அப்பா இறைச்சிக் கடைக்காரர். கைச்செலவுக் காசெல்லாம் மெக்கானோவுக்கும் ஸ்பேனருக்கும் போனது. 14 வயதில் சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள். படிப்பு முடிந்ததும் மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற பெண் பொறியாளரிடம் வேலைக்குச் சேர்ந்து கிராமங்களுக்கு மின்சாரம் இழுத்தார். பார்ட்ரிட்ஜின் தூண்டுதலால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் படித்து 1932இல் பட்டம், பிறகு மெக்கானிக்கலில் மாஸ்டர்ஸ்.

ரேஸ் பைத்தியம் வேறு. 1934இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில், தானே டியூன் பண்ணிய நார்ட்டன் பைக்கில் மணிக்கு 106 மைல் வேகத்தில் ஒரு சுற்று போனார். 100 மைலைத் தாண்டினால் தங்க நட்சத்திரம் தருவார்கள். பைக்கில் அதை வாங்கிய பெண்கள் மொத்தமே 3 பேர். 1938இல் ஜார்ஜ் நேய்லரைக் கட்டிக்கொண்டார். அவரும் அந்த நட்சத்திரத்தை வாங்கிய பிறகுதான் சம்மதம் சொன்னாராம் என்று ஒரு கதை உண்டு. நம்புவதா வேண்டாமா தெரியாது, நம்பத்தான் ஆசை.

1936இல் ஃபார்ன்பரோவின் ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட்டில் சேர்ந்தபோது கொடுத்த வேலை எஞ்சின் கையேடு எழுதுவது. ரெஞ்ச் பிடிக்கிற கையில் பேனா! எப்படியோ அங்கிருந்து நகர்ந்து, போர் தொடங்கிய சமயத்தில் கார்ப்பரேட்டர் ஆராய்ச்சிப் பொறுப்புக்கு வந்துவிட்டார்.

எஞ்சின் எதனால் நிற்கிறது? மூக்கைத் தள்ளியதும் ஃப்ளோட் சேம்பரில் இருக்கும் பெட்ரோல் மேல்பக்கம் ஓடிவிடும், ஜெட்டுக்குப் பெட்ரோல் கிடைக்காது, எஞ்சின் ஒரு இருமல் இருமும். இது முதல் கட்டம், சமாளித்துவிடலாம். அதே நிலை நீடித்தால் ஃப்ளோட் தப்பான திசைக்குப் போய் ஊசி வால்வை முழுசாகத் திறந்துவிடும். பம்ப்போ எஞ்சினுக்குத் தேவையானதைவிட மிக அதிகமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். சேம்பர் நிரம்பி வழிந்து, எஞ்சின் பெட்ரோலில் மூழ்கி, கருப்புப் புகை கக்கி நின்றுவிடும். ஆளைக் கொன்றது இந்த இரண்டாவது கட்டம்.

கார்ப்பரேட்டரையே மாற்றுவதுதான் முறையான தீர்வு. புது டிசைன், சோதனை, தயாரிப்பு என்று அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தினமும் பறக்கிறவன் என்ன செய்வான்? ஷில்லிங் கேள்வியை மாற்றிப் போட்டார். ஃபுல் பவரில் எஞ்சின் அதிகபட்சம் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்? அந்த அளவு மட்டும் போகிற மாதிரி, கார்ப்பரேட்டருக்கு முன்னால் பெட்ரோல் லைனில் துளை போட்ட ஒரு பித்தளைத் துண்டு. வால்வு முழுசாகத் திறந்து கிடந்தாலும் எஞ்சின் குடிப்பதற்கு மேல் ஒரு சொட்டு உள்ளே போகாது. எஞ்சினின் பூஸ்ட் அளவைப் பொறுத்து இரண்டு சைஸ். முதலில் தையல் விரலுறை மாதிரி இருந்தது, பிறகு வெறும் தட்டை வாஷர் ஆனது. மாட்டுவதற்கு விமானத்தை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டியதில்லை. இதுதான் இதன் உயிர்நாடி. அவரும் ஒரு சின்ன டீமும் விமானத் தளங்களுக்குப் போய் மாட்டிக் கொடுத்தார்கள். 1941 மார்ச் வாக்கில் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது.

முழுத் தீர்வு இல்லை. முதல் இருமல் அப்படியே இருந்தது, தலைகீழாக ரொம்ப நேரம் பறக்கவும் முடியாது. 1943 வாக்கில் பிரஷர் கார்ப்பரேட்டர் வரும்வரை இந்த வாஷர்தான் தாங்கிப் பிடித்தது. பைலட்டுகள் அதற்கு வைத்த பட்டப்பெயர் மிஸ் ஷில்லிங்கின் துளை. நன்றியும் இருந்தது, கொஞ்சம் அசட்டு ஜோக்கும் இருந்தது. ஒரு ஆண் கண்டுபிடித்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்குமா என்பது என் சந்தேகம். இத்தனைக்கும் அப்போது அவர் மிஸ் கூட இல்லை, கல்யாணமாகி 2 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கணவர் நேய்லர் போரின் பிற்பகுதியில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஓட்டினார். அதிலும் பெரும்பாலும் 4 மெர்லின் எஞ்சின்கள்தான்.

போருக்குப் பின் புளூ ஸ்ட்ரீக் ராக்கெட், நனைந்த ரன்வேயில் பிரேக் பிடிப்பது என்று ஃபார்ன்பரோவிலேயே 1969 வரை வேலை. அதே வருஷம் சர்ரே பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. நடுவில் 1967இல் டான் கர்னியின் ஈகிள் ஃபார்முலா ஒன் கார் சூடாகித் தொல்லை கொடுத்தபோது அவரைத்தான் கூப்பிட்டார்கள். வார இறுதிகளில் கணவனும் மனைவியுமாகக் கார் ரேஸ் ஓட்டினார்கள், வண்டியைப் பிரித்துச் சேர்ப்பதும் அவர்களேதான். 1990 நவம்பரில், 81 வயதில் காலமானார். ஃபார்ன்பரோவில் இன்று ஒரு பப் அவர் பெயரில் இருக்கிறது. பெயர்ப்பலகையில் மிஸ் இல்லை: டில்லி ஷில்லிங்.