முன்திகதியிடப்பட்ட துரோகம்

இங்கிலாந்தின் மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் போர்க்களத்தில் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 32. என்னைவிட இளையவர். ஷேக்ஸ்பியரின் நாடகம் அவரைக் கூன் விழுந்த கொடியவனாக உலகத்தின் நினைவில் நிறுத்திவிட்டது. எனக்கோ அவரைவிட, அவருக்காகப் போனவர்களுக்கு நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது.

யோர்க், லங்காஸ்டர் என்ற இரு அரச கிளைகள் முடிக்காக மோதிக்கொண்ட காலம் அது. ரிச்சர்டுக்கு எட்டு வயதில் தந்தையும் ஓர் அண்ணனும் ஒரே போரில் மடிந்தார்கள். அவரைக் கடல் கடந்து அனுப்பிக் காப்பாற்றினார்கள். 18 வயதில் மூத்த அண்ணன் நான்காம் எட்வர்டுக்காகப் படை நடத்தினார். 1483இல் எட்வர்ட் இறந்தார். அவருடைய 12 வயது மகனுக்குப் பாதுகாவலராக வந்த ரிச்சர்ட், மூன்று மாதங்களுக்குள் தானே முடிசூடிக்கொண்டார். லண்டன் கோபுரத்தில் வைக்கப்பட்ட அந்தச் சிறுவனும் தம்பியும் காணாமற்போனார்கள். இதைச் சொல்லாமல் இவரைப் பற்றி எழுதுவது நேர்மையல்ல.

அன்று நிரந்தரப் படை இல்லை. மன்னர் ஆணை அனுப்பினால் பிரபுக்கள் தம் ஆட்களோடு வர வேண்டும், நகரங்கள் ஆள் கொடுக்க வேண்டும். போகாவிட்டால் சொத்துப் பறிபோகும். யோர்க் நகரசபை 80 பேரை அனுப்பத் தீர்மானித்தது.

1485 ஓகஸ்ட் 22, பொஸ்வேர்த். ரிச்சர்டின் படையே பெரியது. ஆனால் முன்னணியை நடத்திய நோர்போக் கோமகன் விழுந்தார். பின்னால் நின்ற நோர்தம்பர்லாந்து பிரபுவின் ஆட்கள் சண்டையில் இறங்கவேயில்லை. ஸ்டான்லி சகோதரர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். மூத்தவரின் மகன் ரிச்சர்டிடம் பணயமாக இருந்தும் அசையவில்லை. ரிச்சர்ட் சிறு குதிரைப்படையோடு எதிரி ஹென்றி டியூடரை நோக்கி நேரே பாய்ந்தார். ஹென்றியின் கொடிதாங்கி வரை எட்டிவிட்டார். அப்போதுதான் இளையவர் வில்லியம் ஸ்டான்லி இறங்கினார், ஹென்றியின் பக்கம்.

வென்ற ஹென்றி, தன் ஆட்சி ஓகஸ்ட் 21ஆம் திகதியே தொடங்கியதாக அறிவித்தார். போருக்கு முதல் நாள்! மன்னர் அழைத்ததால் போனவர்கள் எல்லோரும் மன்னருக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவர்கள் ஆனார்கள். நவம்பரில் கூடிய பாராளுமன்றம் இருபதுக்கும் மேற்பட்டோரின் நிலத்தையும் பட்டத்தையும் பறித்தது. அப்போதே பலர் கண்டித்தார்கள்: இனி எந்த மன்னருக்காக யார் படைக்கு வருவார்கள் என்று ஒரு மடாலயச் சரித்திரக்காரர் கேட்டு வைத்தார். 1495இல் அதே ஹென்றியே, ஆட்சியில் இருக்கும் மன்னருக்காகப் போரிட்டவரைத் துரோகியாக்கக் கூடாது எனச் சட்டம் இயற்றினார். வில்லியம் ஸ்டான்லியின் தலை துண்டிக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான், துரோகக் குற்றத்துக்காக.

ரிச்சர்டின் உடலை நிர்வாணமாகக் குதிரையில் போட்டு லெஸ்டருக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்து, ஒரு மடாலயத்தில் அவசரமாகப் புதைத்தார்கள். 2012இல் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் கீழே எலும்புக்கூடு கிடைத்தது. வளைந்த முதுகெலும்பு, 11 காயங்கள். சகோதரியின் வழிவந்தவர்களின் மரபணுவோடு ஒப்பிட்டு உறுதிசெய்தார்கள். 2015இல் லெஸ்டர் பேராலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

அன்று மடிந்த சாதாரண ஆட்களில் பலர், போர்க்களத்துக்கு அருகே டாட்லிங்டன் தேவாலய வளவில் இருப்பதாக நம்பப்படுகிறது. அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் இல்லை.