ஹென்றி கேவண்டிஷ்

ஹென்றி கேவண்டிஷ் (அக்டோபர் 10, 1731 – பெப்ரவரி 24, 1810) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் வேதியியலாளரும் ஆவார். ஐதரசனைத் தனியொரு வளிமமாக இனங்கண்டமைக்காகவும் புவியின் அடர்த்தியை அளந்தமைக்காகவும் பரவலாக அறியப்படுகிறார். மின்னேற்றம் பெற்ற கடத்திகளின் அருகே மின்விசையும் மின்னழுத்தமும் தொலைவைப் பொறுத்து மாறும் முறையையும் இவர் ஆராய்ந்தார். இவ்வாய்வுகளின் பெரும்பகுதி இவர் இறந்து 69 ஆண்டுகளின் பின்னரே அச்சேறியது.

வாழ்க்கை

இன்று பிரான்சில் உள்ள நீஸ் நகரில், ஆங்கிலேயப் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தார். 1749 முதல் 1753 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, பட்டம் பெறாமலே வெளியேறினார். 1760 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். பெருஞ்செல்வம் இருந்தும் எளிமையாக வாழ்ந்தார். கூச்ச இயல்பினால் பிறருடன் பேசுவதைப் பெரிதும் தவிர்த்தார்.

கோள ஆய்வு

மின்விசை தொலைவின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் குறையுமாயின், மின்னேற்றிய கோளத்துக்கு வெளியே மின்னழுத்தம் அதன் மையத்திலிருந்துள்ள தொலைவுக்கு எதிர் விகிதத்தில் குறையும். உள்ளீடற்ற கோளத்தின் உள்ளே எங்கும் மாறாதிருக்கும். எனவே, உள்ளே வைத்த கோளத்தை வெளிக்கோளத்துடன் கம்பியால் இணைத்தாலும் அதற்கு மின்னேற்றம் செல்லாது. விசை வேறு விதிப்படி குறையுமாயின், உட்கோளத்தில் சிறிதளவேனும் மின்னேற்றம் காணப்படும்.

இதனைச் சோதிக்க, 1772–73 காலப்பகுதியில் 12.1 அங்குல விட்டமுள்ள கோளத்தை, 13.3 அங்குல விட்டமுள்ள இரு அரைக்கோளங்களுக்குள் வைத்தார். இரண்டையும் கம்பியால் இணைத்து, வெளிக்கோளத்துக்கு மின்னேற்றினார். பின்னர் கம்பியை அகற்றி, அரைக்கோளங்களைப் பிரித்து, உட்கோளத்தை நெட்டிப்பந்து மின்காட்டியால் சோதித்தார். பந்துகள் விலகவில்லை. வெளிக்கோள மின்னேற்றத்தின் 1/60 பங்கு உள்ளே இருந்திருந்தாலும் தமது கருவி காட்டியிருக்கும் என்பதையும் தனியே சோதித்து அறிந்தார். இதிலிருந்து, விதியின் அடுக்கு 2 இலிருந்து 1/50 க்கு மேல் வேறுபடாது எனக் கணித்தார். சார்லஸ் கூலோம் முறுக்குத் தராசு ஆய்வை வெளியிட்டது 1785 இல் ஆகும்.

பிற மின்னியல் ஆய்வுகள்

கம்பியால் இணைந்த கடத்திகள் அனைத்தும் ஒரே மின்னேற்ற நிலையை அடையும் என்ற இவரது கருத்து, பின்னாளைய மின்னழுத்தக் கருத்துடன் ஒத்தது. இதனைக் கொண்டு பல்வேறு வடிவக் கடத்திகளின் மின்கொள்ளளவுகளை ஒப்பிட்டார். ஒரே விட்டமுள்ள வட்டத்தகட்டை விடக் கோளத்தின் கொள்ளளவு 1.57 மடங்கு எனக் கண்டார். கோட்பாட்டு மதிப்பு 1.571 ஆகும். மின்னோட்டத்தை அளக்கும் கருவி இல்லாத அக்காலத்தில், தம் உடலில் உணர்ந்த அதிர்ச்சியின் வலிமையைக் கொண்டே கடத்திகளின் மின்தடையை ஒப்பிட்டார்.

வெளியீடும் தாக்கமும்

1771 இலும் 1776 இலும் வெளியான இரு கட்டுரைகள் தவிர, இவரது மின்னியல் ஆய்வுகள் கையெழுத்துப்படிகளாகவே கிடந்தன. இதனால் கூலோம், ஓம் உள்ளிட்டோர் அவற்றை அறியாமலே தம் விதிகளைக் கண்டனர். 1849 இல் வில்லியம் தொம்சன் (பின்னாளைய கெல்வின் பிரபு) கையெழுத்துப்படிகளைப் பார்வையிட்டு, வட்டத்தகட்டு அளவீட்டின் துல்லியத்தைக் குறித்துக்கொண்டார். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அவற்றைப் பதிப்பித்து 1879 இல் வெளியிட்டார். கோள ஆய்வு திருத்திய வடிவில் மீண்டும் செய்யப்பட்டு, வேறுபாட்டின் எல்லை 1/21600 ஆகக் குறைந்தது. 1936 இல் பிளிம்டன், லாட்டன் ஆகியோரும் 1971 இல் வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் ஆகியோரும் இதே அடிப்படையில் அவ்வெல்லையை மேலும் குறைத்தனர்.

கேம்பிரிட்ஜில் 1874 இல் திறக்கப்பட்ட இயற்பியல் ஆய்வுகூடம் கேவண்டிஷ் ஆய்வுகூடம் எனப் பெயர் பெற்றது.