மடைத்தொழில் வல்லார் எஸ்கொபியே

சமைப்பவரைக் குறிக்கப் பழந்தமிழில் வழங்கிய சொற்களுள் மடையன் என்பதும் ஒன்று. மடை என்பது சோறு. மடைநூல் என்பது சமையற்கலை நூல். மணிமேகலை அதனை நாடக மகளிர் பயின்ற கலைகளுள் வைத்து எண்ணுகிறது. நல்லியக்கோடன் பாணர்க்கு இட்ட விருந்து வீமனுடைய நூலின் முறை பிறழாது ஆக்கப்பெற்றது என்பது சிறுபாணாற்றுப்படையால் அறியப்படும். அத்துணைச் சிறப்புடைய சொல், அறியாமையைக் குறிக்கும் மடம் என்னும் வேறொரு சொல்லோடு மயங்கி, இன்று வசைமொழியாய் நிற்கிறது.

தொழில் இழிவெய்திய கதை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. விருந்துக்குப் பேர்போன பிரான்சிலேயே சமையற்காரர் புகையிலும் வெப்பத்திலும் குடியிலும் கிடந்து தேய்ந்தனர். அந்நிலையை மாற்ற முயன்றவருள் தலையாயவர் ஒகுஸ்த் எஸ்கொபியே.

1846ஆம் ஆண்டு நீஸ் நகருக்கு அணித்தாகிய வில்நெவ்-லூபே என்னும் சிற்றூரில் ஒரு கொல்லருக்கு மகனாக அவர் பிறந்தார். சிற்பியாக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆயின் பதின்மூன்றாம் வயதில், நீஸ் நகரில் சிற்றப்பன் நடத்திய உணவகத்தில் தொழில் பழக விடப்பட்டார். உறவு என்று அங்கே சலுகை கிடைக்கவில்லை. உருவத்தில் சிறியவராதலின் அடுப்பின் அனல் முகத்தில் அடிக்கும்; உயர்ந்த குதியுடைய காலணி அணிந்து அதனைச் சமாளித்தார் என்பர்.

1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. எஸ்கொபியே படைத்தலைவர்களின் சமையற்காரராய் மெட்சு நகரில் முற்றுகையுள் அகப்பட்டார். முற்றுகை வருமுன்பே கோழி, வாத்து, வான்கோழி, முயல், ஆடு என ஒரு சிறு பண்ணையைத் தேடி வைத்திருந்தார். அவையும் தீர்ந்தபின் குதிரை இறைச்சியை முதலில் வெந்நீரிலிட்டு ஆற்றி, அதன் கசப்பை நீக்கிச் சமைத்தார். அரண்மனை விருந்துகளைவிட இந்தப் பஞ்சகாலச் சமையலே அவர் திறத்துக்குச் சான்று என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் சேசர் ரிட்சு என்னும் விடுதித் தலைவரோடு சேர்ந்து, 1890இல் இலண்டன் சவோய் விடுதிக்குச் சென்றார். அங்கே அவர் செய்த சீர்திருத்தம் பெரிது. படையணியைப் போல அட்டிற்சாலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை வைத்தார். வசைச் சொல்லை விலக்கினார். சாராயத்துக்கு மாற்றாக வாற்கோதுமைக் கஞ்சியைக் குடிக்க வைத்தார். தமக்குச் சினம் மூண்டால் கத்தாமல் வெளியே போய்விடுவாராம்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். 1898இல் அவரும் ரிட்சும் சவோயிலிருந்து நீக்கப்பட்டனர். பொருள் விற்போரிடம் தரகு பெற்றதைப் பின்னர் அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார். அது நெடுங்காலம் மறைவாகவே இருந்தது. எனினும் மறு ஆண்டே கார்ல்டன் விடுதியின் அட்டிற்சாலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1903இல், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சமையல் முறைகளைக் கொண்ட அவருடைய பெருநூல் வெளிவந்தது.

அந்நூலிலுள்ள வாத்து வறுவல் ஒன்றைப் பற்றி இங்கே சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். முழு வாத்தை வறுத்து, நம் நாரத்தைக்கு உறவான கசப்புத் தோடம்பழத்தின் சாற்றால் ஆக்கிய குழம்போடு பரிமாறுவது அது. வாத்தின் தோலடியில் கொழுப்பு மிகுதி. அது உருகி வடிந்தாலன்றித் தோல் மொறுமொறுப்பாகாது. அக்கொழுப்பின் திகட்டலை அறுப்பதற்கே பழத்தின் புளிப்பும் கசப்பும் வேண்டப்பட்டன.

இவ்வகைச் சமையல் ஆங்கிலத் துரைமாரோடு எங்கள் ஊவா மலைகளுக்கும் வந்தது. என் தாய்வழிப் பாட்டனார் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில், 1975இல் அது அரசுடைமையாகும் வரையில், பங்களாக் குசினியில் இருந்தவர். நத்தார் விருந்தென்றால் முழுத் தாராதான். வாத்துக்கு எங்கள் நாட்டு வழக்கு அது. துரைசானி ஆங்கில நூலைப் பார்த்துச் சொல்வார்; எழுத்தறியாத பாட்டனார் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்வார். முந்திய இரவே தாராவைக் காற்றில் உலரத் தொங்கவிட்டு, காலையில் தோலை மட்டும் ஊசியாற் குத்தி, மெல்லிய தணலில் வாட்டுவார். நாரத்தைச் சாற்றில் கித்துள் கருப்பட்டியைக் கரைத்துப் பாகாகக் காய்ச்சி, இறக்குவதற்குச் சற்று முன்னர்தான் மேலே பூசுவார். முந்திப் பூசினால் பாகு கருகிக் கசக்கும் என்பது அவர் கண்ட பாடம். விருந்தினர் புகழ்ச்சியெல்லாம் துரைசானிக்கே போகும். குசினியில் நின்றவருக்கு அப்பு என்பதற்கு மேல் பெயர் இல்லை.

எஸ்கொபியே மாற்ற முயன்றது இந்தப் பெயரின்மையைத்தான். நலிந்த சமையற்காரர்களின் பொருட்டு நிதி திரட்டினார். வறுமையை ஒழிக்கப் பரஸ்பர உதவித் திட்டமொன்றை வகுத்து 1910இல் நூலாக வெளியிட்டார். முதலாம் உலகப்போரில் ஒரு மகனை இழந்தும், போருக்குச் சென்ற தம் ஊழியர்களின் குடும்பங்களை ஆதரித்தார். பிரெஞ்சு அரசு அவருக்கு லெஜியன் தோனர் விருதளித்தது. அடுப்படியில் நின்ற ஒருவருக்கு அத்தகைய சிறப்பு முன்னர் எளிதிற் கிட்டியதன்று.

அவருடைய மனைவி தெல்பின் கவிதை எழுதியவர். 1935 பெப்ரவரியில் அவ்வம்மையார் மறைந்தார். சில நாட்களுக்குள், அதே மாதம் 12ஆம் நாள், எண்பத்தெட்டு வயதில் மொண்டி கார்லோவில் எஸ்கொபியேயும் காலமானார். உடல் சொந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. கொல்லர் மகனாய் அவர் பிறந்த வீடு 1966 முதல் சமையற்கலை அருங்காட்சியகமாக விளங்குகிறது.