செர்ரிச் சிவப்பைத் தாண்டியவர்

தொழில் மேலாண்மைத் தேர்வில் எஃப். டபிள்யூ. டெய்லர் பெயரை எழுதாதவர் நம்மில் யார்? ஆனால் நம்ம லேத்தில் மாட்டும் எச்.எஸ்.எஸ். டூலும் அவர் தந்ததுதான்!

1856இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வக்கீல் வீட்டில் பிறந்தார். ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தேறியும், கண் கோளாறால் 1874இல் பட்டறைக்கு அப்ரண்டிஸாகப் போனார்.

டூல் ஸ்டீலைச் செர்ரிச் சிவப்புக்கு மேல் காய்ச்சினால் கெட்டுப்போகும் என்பது அன்றைய கொல்லர்களின் நம்பிக்கை. 1898இல் பெத்லஹேம் உருக்காலையில் சேர்ந்த டெய்லரும், மான்செல் ஒயிட்டும் அதைச் சோதித்தார்கள். டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த டூல், செர்ரிச் சிவப்பைத் தாண்டியதும் கெட்டது நிஜம்தான். இருந்தும் விடவில்லை. உருகும் நிலையை நெருங்கக் காய்ச்சி ஆறவைத்தால், அடேயப்பா! முனை சிவந்து வெட்டியும் மழுங்கவில்லை; வெட்டு வேகம் இரண்டு, மூன்று மடங்கு! அந்தக் கடுஞ்சூட்டில்தான் கலப்பு உலோகங்கள் எஃகில் நன்றாகக் கரைகின்றன. 1900 பாரிஸ் கண்காட்சியில் கண்டவர்கள் அசந்துபோனார்கள்.

26 வருட வெட்டுச் சோதனைகளில் சுமார் 360 டன் உலோகம் சீவலாய்ப் போனது. ஸ்டாப் வாட்ச்சால் தொழிலாளர் கோபத்தையும் சம்பாதித்த டெய்லர், 1915இல் மறைந்தார்.

நண்பர்களே, கெட்டுப்போச்சு என்று எல்லோரும் நிறுத்திய இடத்தில் அவர் அடுப்பை அணைக்கவில்லை. டூலைத் தீட்டும்போது நினைத்துக்கொள்வோம்!