சையது அப்துல் ரகீம்

சையது அப்துல் ரகீம் (ஆகஸ்ட் 17, 1909 – ஜூன் 11, 1963) இந்தியக் கால்பந்துப் பயிற்றுநரும் பள்ளி ஆசிரியரும் ஆவார். ஐதராபாத்தைச் சேர்ந்த இவர், 1950களின் தொடக்கம் முதல் இறக்கும் வரை இந்திய அணியின் முதன்மைப் பயிற்றுநராக அறியப்பட்டார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா கால்பந்தில் வென்றுள்ள இரண்டு தங்கப் பதக்கங்களும் (1951, 1962) இவருடைய பயிற்சியில் கிடைத்தவை. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றதும் இவர் காலத்திலேயே ஆகும். ஆட்டக்காரர்கள் இவரை ரகீம் சாகிப் என மரியாதையுடன் அழைத்தனர்.

இளமையும் ஆசிரியப் பணியும்

ரகீம் ஐதராபாத்தில் பிறந்தார். உசுமானியா பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் பல்கலைக்கழக அணியில் விளையாடினார். கலைப் பட்டம் பெற்றபின் பள்ளி ஆசிரியரானார். பின்னர் உடற்கல்வியில் பட்டயம் பெற்று, தாம் பணியாற்றிய பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். பாடத்தைப் படிப்படியாகக் கற்பிக்கும் ஆசிரியரின் அணுகுமுறை இவருடைய கால்பந்துப் பயிற்சியிலும் காணப்பட்டது.

பயிற்சி முறை

அக்கால இந்திய அணிகள் பெரும்பாலும் தனி ஆட்டக்காரர்களின் திறமையை நம்பியிருந்தன. பந்தை நெடுநேரம் காலில் வைத்துக்கொண்டு எதிரணியினரை ஏமாற்றிச் செல்வதே சிறந்த ஆட்டமாகக் கருதப்பட்டது. ரகீம் இதை மாற்ற முயன்றார். பந்தை ஒரே தொடுதலில் தோழருக்கு அனுப்பும் விரைவான ஆட்டத்தைக் கற்பித்தார். பந்தை ஏமாற்றிக் கொண்டுசெல்லுதல் தடைசெய்யப்பட்ட போட்டிகளையும், வலுக்குறைந்த காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டிய போட்டிகளையும் இளைஞர்களுக்காக நடத்தினார். இதனால் இரு கால்களையும் பயன்படுத்தும் ஆட்டக்காரர்கள் ஐதராபாத்தில் உருவாயினர்.

ஐதராபாத் நகரக் காவல்துறை அணி

1950 முதல் இறக்கும் வரை ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்கு ரகீம் பயிற்சியளித்தார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பையை வென்றது. டூரண்ட் கோப்பையை 1950, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் வென்றது. கல்கத்தா அணிகளே ஆதிக்கம் செலுத்திய இந்தியக் கால்பந்தில் ஐதராபாத் ஒரு தனி மையமாக எழுந்தது. நூர் முகமது, அசீசுதீன், யூசுப் கான் முதலிய பலர் இங்கிருந்து இந்திய அணிக்குச் சென்றனர். சிக்கந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமின் திறமையைக் கண்டறிந்து வளர்த்தவரும் ரகீமே.

இந்திய அணி

1951ஆம் ஆண்டு புது தில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. சைலேன் மன்னா தலைமையிலான இந்திய அணி இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது.

அடுத்த ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யுகோசுலாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் தோற்றது. இந்திய ஆட்டக்காரர் பலர் காலணியின்றி ஆடினர். குளிரும் ஈரத்தரையும் அவர்களுக்குப் பாதகமாயின. இத்தோல்விக்குப் பின் காலணி அணிதல் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வொலிம்பிக்கில் தங்கம் வென்ற அங்கேரி அணியின் ஆட்டமுறையை ரகீம் கூர்ந்து கவனித்தார். இருவர் தற்காக்க ஐவர் தாக்கும் பழைய அமைப்பைக் கைவிட்டு, தற்காப்பில் கூடுதல் ஆட்டக்காரரை நிறுத்தும் புதிய அமைப்புகளை இந்தியாவில் அறிமுகப்படுத்தினார்.

இம்மாற்றத்தின் பயன் 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் தெரிந்தது. காலிறுதியில் இந்தியா போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை 4-2 என்ற கணக்கில் வென்றது. இவ்வாட்டத்தில் நெவில் டி சூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் இவரே. ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடு என்ற பெருமை இந்தியாவுக்குக் கிடைத்தது. அரையிறுதியில் முதல் கோலை அடித்தபோதிலும் யுகோசுலாவியாவிடம் 1-4 என்றும், வெண்கலத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 என்றும் தோற்று நான்காம் இடம் பெற்றது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா அங்கேரியிடம் 1-2 என்று தோற்று, பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. பெருவிடம் 1-3 என்று தோற்ற ஆட்டத்தில் தஞ்சாவூரைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் இந்தியாவின் ஒரே கோலை அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல் இதுவே. பிற்காலத்தில் பயிற்றுநரான இவர், 1973இல் கேரள அணி முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வெல்லப் பயிற்சியளித்தார்.

ஜகார்த்தா, 1962

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளின்போது ரகீம் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். இசுரேலும் தைவானும் விலக்கி வைக்கப்பட்டதை இந்திய விளையாட்டு நிருவாகி குரு தத் சோந்தி கண்டித்ததால், இந்தியாவுக்கு எதிராக அங்குக் கடும் சினம் எழுந்தது. இந்தியத் தூதரகமும் தாக்கப்பட்டது.

முதல் ஆட்டத்தில் இந்தியா தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. தாய்லாந்துடனான ஆட்டத்தில் இந்தியா வென்றபோதிலும், தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. அதன்பின் ரகீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். தென் வியட்நாமுடனான அரையிறுதியில் இந்தியா 3-2 என்று வென்றபோது ஜர்னைல் ஒரு கோல் அடித்தார்.

செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதியாட்டத்தில் மீண்டும் தென் கொரியாவை இந்தியா சந்தித்தது. அரங்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கூடியிருந்தனர். பெரும்பாலோர் இந்திய அணியை எதிர்த்துக் கூச்சலிட்டனர். காய்ச்சலிலிருந்து மீண்ட பீட்டர் தங்கராஜ் கோல்காப்பாளராக நிறுத்தப்பட்டார். 17ஆவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜியும் 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். கொரியா இறுதிக் கட்டத்தில் ஒரு கோல் மட்டுமே திருப்பியது. சுனி கோசுவாமி தலைமையிலான இந்திய அணி 2-1 என்ற கணக்கில் தங்கம் வென்றது.

மறைவும் நினைவும்

ஜகார்த்தா வெற்றிக்குப்பின் ஓராண்டு நிறைவதற்குள், 1963 ஜூன் 11 அன்று ரகீம் தமது 53ஆம் வயதில் காலமானார். 1970இல் பாங்காக்கில் பெற்ற வெண்கலத்திற்குப் பின்னர் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பதக்கம் எதுவும் பெறவில்லை. ஒலிம்பிக் கால்பந்திற்கும் 1960க்குப் பின் தகுதி பெறவில்லை.

பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985இல், அதாவது ரகீம் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின், ஏற்படுத்தப்பட்டது. கால்பந்துத் துறையில் அவ்விருதை முதலில் பெற்றவர், இவரைப் போலவே ஐதராபாத்தைச் சேர்ந்த சையது நயீமுதீன் ஆவார். ரகீமின் மகன் சையது சாகித் அக்கீம் 1960 ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர். பன்னாட்டு நடுவராகவும் விளங்கினார். ரகீமின் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு 2024இல் மைதான் என்ற இந்தித் திரைப்படம் வெளியானது. இதில் ரகீமாக அஜய் தேவ்கன் நடித்தார்.