நம்பியாரூரர் பெற்ற ஊன்றுகோல்

துன்பம் வந்துழி இறைவனை நினைதல் பலர்க்கும் இயல்பு. அத்துன்பத்தைத் தந்தவனும் அவனே என்று தெளிந்தபின்னரும் அவன் திருவடியை விட்டு நீங்காதிருத்தல் சிலர்க்கே இயல்வது. அச்சிலருள் ஒருவராகிய சுந்தரமூர்த்தி நாயனாரின் வாழ்க்கையில் ஒரு பகுதியை ஈண்டுச் சிந்திக்கப் புகுகின்றோம்.

நாயனார் திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரிலே சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகவாகத் தோன்றியவர். நரசிங்கமுனையரையர் என்னும் அரசர் அவரை வேண்டிப்பெற்று வளர்த்தனர். புத்தூரில் நிகழவிருந்த திருமணத்தை இறைவன் முதியவராய் வந்து, ஆளோலை காட்டித் தடுத்து, திருவெண்ணெய்நல்லூரில் அவரை ஆட்கொண்டருளினன். அடிமையாகக் கொண்டவனே பின்பு திருவாரூரில் தோழமையும் தந்தனன். அங்கே பரவையார் அவர்தம் வாழ்க்கைத்துணை ஆயினர்.

பல தலங்களையும் வழிபட்டுத் திருவொற்றியூரை அடைந்த நாயனார், சங்கிலியாரை மணக்க விரும்பி, அவரைப் பிரியேன் என மகிழமரத்தின்கீழ்ச் சூளுற்றனர். வசந்தகாலம் வந்தது, ஆரூர்ப் பெருமானது விழா நினைவில் எழுந்தது. ஆற்றாராய் ஒற்றியூர் எல்லையைக் கடந்தனர். கடந்த அளவில் இரு கண்களும் ஒளியிழந்தன. இவ்வரலாற்றைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டிற் பெரியபுராணத்துள் விரித்துரைத்தனர்.

அவர் புறப்பட்டது இறைவனைக் காணும் வேட்கையாலன்றோ? அதற்கோ இத்தண்டம் என்று நம்மனோர் ஐயுறுதல் கூடும். நல்ல வேட்கையாற் செய்யினும் பிழை பிழையே. அதனை நாயனாரே உணர்ந்தனர். உணர்ந்தவர் செய்தது யாது? ஒற்றியூர்க்குத் திரும்பினாரல்லர், மனமொடிந்து வாளா இருந்தாருமல்லர். ஒளியைப் பறித்தவனையே பாடி, வழிகாட்டுவார் துணையோடு திருமுல்லைவாயிலை வணங்கித் திருவெண்பாக்கத்தை அடைந்தனர்.

அங்கே அவர் வினவியது மிக வியப்புடையது. இக்கோயிலில் நீர் இருக்கின்றீரோ என்றனர்! விடையும் அயலார் கூறுவது போன்றே வந்தது. உடன் ஓர் ஊன்றுகோலும் கிடைத்தது. கண் வேண்டியவர்க்குக் கோல்! அதனைப் பெற்றும் அவர் பாடுதலை ஒழிந்திலர். ஐயத்தின் உண்மைநிலை இவ்விடத்து நமக்குப் புலனாகின்றது. இறைவன் உளனோ என்று பிறரிடம் வினவுவான் அவனைவிட்டு விலகி நிற்பவன். அவனிடமே வினவுவான் அவனைப் பற்றி நிற்பவன். இல்லாதான் ஒருவனோடு எவரும் ஊடுதல் இலர்.

அப்பழைய வெண்பாக்கம் 1944-இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் அடங்கிவிட்டது. கோயில் பின்னர்ப் பூண்டியில் எடுப்பிக்கப்பெற்றது. ஊர் மறைந்தும் ஊன்றுகோலின் செய்தி மறைந்திலது.

கோல் இருளை நீக்குவதன்று. இருளினூடே நடக்கச் செய்வது. அதனை ஊன்றித் திருவாலங்காட்டெல்லையைச் சார்ந்து, காஞ்சித் திருவேகம்பத்தை எய்திய நாயனார் இடக்கண் பெற்றனர். திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கினர். திருவாரூரை அடைந்து, தோழமையுரிமையால் வாழ்த்துப்போலத் தோன்றும் வசையாற் பாடி, வலக்கண்ணும் பெற்றனர். இன்று கிடைத்துள்ள ஏழாந் திருமுறையின் 100 பதிகங்களுள் இவ்விருள்வழியிற் பிறந்தனவும் உள. கண் மீண்டபின் பாடியவற்றோடு அவையும் ஒப்பத் திருமுறையாயின என்பது கருதற்பாலது.

ஈன்றோர் மக்களை ஒறுத்தல் அன்பின்பாற்பட்டதே. இறைவன் முனிவும் அத்தன்மைத்து என அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் விளக்குவர். இதனை மறக்கருணை என்பர். ஆயினும் இக்கொள்கையைக் கொண்டு துன்புறுவார் ஒருவரை நோக்கி, இது நின் பிழைக்குத் தண்டம் என்று கூற நமக்கு உரிமையில்லை. நாயனார் தம் பிழையைத் தாமே அறிந்தார்; பிறர் சுட்டினாரல்லர். வழியில் எதிர்ப்பட்டார் செய்தது வழிகாட்டியது ஒன்றே. நாமும் அதனையே செய்யக் கடவோம்.

நம்முள் எத்துணையோ பேர் கண் வேண்டிக் கோல் பெற்றவராய் இருக்கின்றோம். நோய் தீர்ந்திலது, நோயைப் பொறுக்கும் ஒரு நாள் கிடைத்தது. இழந்த பொருள் மீண்டிலது. அன்றைக்கு உணவு கிடைத்தது. இதுவோ அருள் என எறிந்துவிடின் நின்ற இடத்திலேயே நிற்போம். ஊன்றி நடப்போமாயின் காஞ்சி தூரமன்று, ஆரூரும் தூரமன்று.

திருச்சிற்றம்பலம்.